அக்கி வந்தால் முதல் 72 மணி நேரம் ஏன் முக்கியம்? தடுப்பூசி யாருக்கு? - முழு விவரம்

இடுப்பிலோ நெஞ்சிலோ ஒரு பக்கம் மட்டும் சுருக் சுருக்கென்று குத்துகிறது. தொட்டால் எரிகிறது. சட்டை உரசினால்கூடத் தாங்க முடியவில்லை. ரெண்டு மூணு நாளில் அதே இடத்தில் கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்புகின்றன. "சூட்டுக் கொப்புளம்தான், தானா போயிடும்" என்று பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

இது அக்கியாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஷிங்கிள்ஸ் என்றும், மருத்துவர்களின் மொழியில் ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்றும் சொல்லப்படும் நோய் இது. கொப்புளங்கள் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்பது உண்மை. ஆனால் சிலருக்கு அதன் பிறகும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வலி நீடிக்கும். முகத்தில் வந்தால் கண் பார்வைக்கே ஆபத்து.

அக்கிக்கு மருந்து இருக்கிறது. அதை முதல் 3 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். 50 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் போவதால்தான் பலர் தேவையில்லாமல் அவதிப்படுகிறார்கள்.

முக்கிய தகவல்கள்

- சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான் அக்கிக்கும் காரணம்.
- உடலின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போல வரும் கொப்புளங்களே முக்கிய அடையாளம்.
- கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது.
- கண், நெற்றி, மூக்கு நுனி, காது ஆகிய இடங்களில் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2 டோஸ் தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது.

அக்கி எங்கிருந்து வருகிறது?

உடல் சூடு, வெயில், சாப்பாடு, பூச்சி கடித்தது, எச்சில் பட்டது என்று அக்கிக்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேரிசெல்லா ஜோஸ்டர் என்ற வைரஸ். இந்த வைரஸ் முதல்முறை உடலுக்குள் நுழையும்போது வருவது சின்னம்மை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் வைரஸ் உடலை விட்டு முழுதாகப் போவதில்லை.

அது நரம்புகள் வழியாகப் போய், முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலும் மூளைக்கு அருகிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும். அங்கே 20, 30, 50 ஆண்டுகள்கூட சத்தமில்லாமல் கிடக்கும். நோய் எதிர்ப்பு சக்திதான் அதற்குக் காவல். வயது கூடும்போதோ, வேறு நோயாலோ அந்தக் காவல் தளர்ந்தால் வைரஸ் மறுபடி விழித்துக்கொள்ளும். பதுங்கியிருந்த நரம்பு வழியாகவே திரும்பித் தோலுக்கு வரும். அதுதான் அக்கி.

கொப்புளம் ஒரு பக்கம் மட்டும் வருவதற்கும் இதுவே காரணம். உடலின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் தனித்தனி நரம்புகள். எந்த நரம்பில் வைரஸ் விழித்ததோ, அந்த நரம்பு போகும் பாதையில் மட்டும் தோலில் கொப்புளம் வரும். நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம். ஷிங்கிள்ஸ், ஜோஸ்டர் ஆகிய இரண்டு பெயர்களுமே லத்தீன், கிரேக்க மொழிகளில் இடுப்புக் கச்சையைக் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அக்கி வந்தவருடன் இருந்த குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 1950-களில் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர், இரண்டு நோய்களிலிருந்தும் எடுத்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

வைரஸ் உடலுக்குள்ளேயே தூங்கி, பிறகு விழிக்கிறது என்ற விளக்கத்தை 1965-ல் வலுவாக முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் குடும்ப மருத்துவராக இருந்தவர். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், தன்னிடம் வந்த நோயாளிகளின் விவரங்களைப் பல ஆண்டுகள் குறித்து வைத்தே இந்த முடிவுக்கு வந்தார். வயது கூடக் கூட அக்கி அதிகமாவதையும் அந்தக் குறிப்புகள் காட்டின.

யாருக்கெல்லாம் வர வாய்ப்பு?

சின்னம்மை வந்து போன யாருக்கும் அக்கி வரலாம். சிறு வயதில் லேசாக வந்து, வந்ததே நினைவில் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் நடுத்தர வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் இந்த வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கணக்குப்படி, அந்நாட்டில் 3 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அக்கி வருகிறது. 50 வயதுக்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. கீழ்க்கண்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்:

- சர்க்கரை நோய் உள்ளவர்கள்
- புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள்
- சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
- முடக்கு வாதம், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள்
- நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்
- எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள்

இளைஞர்களுக்கு வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிடும்.

முதல் அறிகுறி கொப்புளம் இல்லை, வலி

அக்கியைக் கண்டுபிடிப்பதில் உள்ள பெரிய சிக்கல் இது. கொப்புளம் வருவதற்கு ஒன்று முதல் 5 நாட்களுக்கு முன்பே வலி தொடங்கிவிடும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, அரிப்பு, மரத்துப் போதல் என ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி, அசதியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நாட்களில் தோலைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் நெஞ்சில் வந்தால் மாரடைப்போ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுப்பார்கள். விலாவில் வந்தால் சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுப்பார்கள். வயிற்றில் வந்தால் அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகம் வரும். நெஞ்சு வலி என்றால் மாரடைப்பு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வதுதான் சரி. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் ஒரு பக்க வலி தொடர்ந்தால், அடுத்த சில நாட்கள் அந்த இடத்துத் தோலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு தோல் சிவந்து, தண்ணீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக வரும். 7 முதல் 10 நாளில் அவை காய்ந்து பொருக்குத் தட்டும். 2 முதல் 4 வாரத்தில் உதிர்ந்துவிடும். பெரும்பாலும் பார்த்தே மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். தனி டெஸ்ட் எப்போதாவதுதான் தேவைப்படும்.

72 மணி நேரக் கணக்கு என்ன?

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகியவை அக்கிக்குத் தரப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள். இவை வைரஸைக் கொல்வதில்லை. அது பெருகுவதைத் தடுக்கின்றன. வைரஸ் வேகமாகப் பெருகுவது முதல் சில நாட்களில்தான். அதனால்தான் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

நேரத்தோடு தொடங்கினால் புதிய கொப்புளங்கள் வருவது குறையும். இருப்பவை சீக்கிரம் காயும். ஆரம்ப கட்ட வலியும் குறையும். வழக்கமாக 7 நாள் மருந்து. அசைக்ளோவிர் என்றால் ஒரு நாளைக்கு 5 வேளை, மற்ற இரண்டும் 3 வேளை. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு அளவைக் குறைத்துத் தர வேண்டியிருக்கும். ஆகவே கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தடவுவார்கள். அக்கியில் வைரஸ் நரம்புக்குள் இருக்கிறது. மேலே தடவும் வைரஸ் எதிர்ப்பு கிரீம் அங்கே போய்ச் சேராது. மாத்திரைதான் தேவை. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியும் வரலாம்.

மூன்று நாள் தாண்டிவிட்டால்? அப்போதும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிய கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தாலோ, முகத்தில் வந்திருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ அதற்குப் பிறகும் மருந்து தொடங்குவார்கள்.

அக்கி எழுதினால் சரியாகிவிடுமா?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அக்கி வந்தால் முதலில் போவது மண்பாண்டம் செய்யும் குயவர் வீட்டுக்குத்தான். காவிக் கல்லை உரைத்துக் குழைத்து, கொப்புளங்கள் மேல் பூசி, சிங்கம் போன்ற உருவங்களை வரைவார்கள். 'அக்கி எழுதுதல்' என்று இதற்குப் பெயர். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் இது.

"எழுதினேன், பத்து நாள்ல சுத்தமா போயிடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் காய ஆகும் காலமே கிட்டத்தட்ட அதுதான். ஈரக் காவி தோலுக்குச் சற்று குளுமையாக இருக்கலாம். ஆனால் நரம்புக்குள் பெருகும் வைரஸை அது தொடுவதில்லை.

இதில் இழப்பது நேரம். மூன்று முறை எழுத வேண்டும் என்று மூன்று நாள் போய்விட்டால், மருந்து நன்றாக வேலை செய்யும் காலமும் கூடவே போய்விடும். உடைந்த கொப்புளத்தின் மேல் மண்ணோ வேறு எதுவோ பூசினால் பாக்டீரியா தொற்று ஏற்பட்டுச் சீழ் பிடிக்கலாம். இன்னொன்று, பேச்சு வழக்கில் வேறு சில தோல் கொப்புளங்களையும் அக்கி என்றே சொல்கிறார்கள். அது எது என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

நம்பிக்கையின் பேரில் போகிறவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் எதையும் பூசாமல் இருக்க வேண்டும்.

அக்கி இடுப்பை முழுசாகச் சுற்றி வளைத்துவிட்டால் உயிர் போய்விடும் என்ற பயமும் பல நாடுகளில் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு பக்கமும் வருவது அபூர்வம். ஆனால் கொப்புளங்கள் உடல் முழுக்கப் பரவினால் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்திருக்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போது அவசரம்?

அக்கி வருபவர்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அது கண்ணைச் சுற்றிய நரம்பில் வருகிறது. நெற்றி, கண் இமை, மூக்கு என ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் வரும். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். கருவிழியில் புண், கண் அழுத்தம், பார்வை இழப்பு வரை போகலாம். கண் சிவக்கவில்லை, நன்றாகத்தான் தெரிகிறது என்றாலும் கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ வந்து, வாய் ஒரு பக்கம் கோணினால் அது ராம்சே ஹன்ட் என்ற நிலை. காது கேட்பது குறையலாம், தலை சுற்றலாம். தாமதமானால் முக வாதம் முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

அக்கி வந்த பிறகான வாரங்களிலும் மாதங்களிலும் பக்கவாதம் வரும் ஆபத்து சற்றுக் கூடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே கடும் தலைவலி, குழப்பம், கை கால் பலவீனம், பேச்சு குழறுதல் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

கொப்புளம் போயும் போகாத வலி

தோல் ஆறி 3 மாதம் கடந்தும் அதே இடத்தில் வலி நீடித்தால் அதற்கு அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று பெயர். சி.டி.சி. கணக்கில், அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருகிறது. வயது கூடினால் வாய்ப்பும் கூடும், வலியின் கடுமையும் கூடும்.

வெளியே பார்த்தால் ஒரு தழும்பு மட்டும்தான். உள்ளே சேதமான நரம்பு ஓயாமல் வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே துணி பட்டால் வலி, ஃபேன் காற்று பட்டால் வலி, ராத்திரி தூக்கம் இல்லை. வயதானவர்கள் சாப்பாடு குறைந்து, வெளியே போவதை நிறுத்தி, மனதளவிலும் சோர்ந்துவிடுகிறார்கள். "புண்ணு ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?" என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பது அவர்களுக்கு இன்னொரு வேதனை.

சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளையும், மரத்துப் போகச் செய்யும் லிடோகெய்ன் பட்டைகளையும் மருத்துவர்கள் தருகிறார்கள். பலருக்கு வலி குறையும். எல்லோருக்கும் முழுதாகப் போவதில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை நேரத்தோடு எடுத்தாலும், இந்த நீண்ட கால வலி வராது என்று உத்தரவாதம் தர முடியாது. அக்கியே வராமல் தடுப்பதுதான் இந்த வலிக்கு எதிரான உறுதியான பாதுகாப்பு. தடுப்பூசி முக்கியமாவது இதனால்தான்.

தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது?

முதலில் வந்தது ஜோஸ்டாவாக்ஸ். 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி 1970-களில் சின்னம்மைத் தடுப்பூசிக்காக உருவாக்கிய, வலுவிழந்த உயிருள்ள வைரஸே இதிலும் இருந்தது. அளவு மட்டும் பல மடங்கு அதிகம். 60 வயதைக் கடந்தவர்களில் அக்கியைச் சுமார் பாதியாகக் குறைத்தது. ஆனால் ஆண்டுகள் போகப் போகப் பாதுகாப்பு குறைந்தது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குப் போடவும் முடியாது. 2020-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இப்போது பரவலாகப் பயன்படுவது ஷிங்ரிக்ஸ். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. இதில் வைரஸே கிடையாது. வைரஸின் மேற்புறத்தில் உள்ள ஒரு புரதம் மட்டும் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியை நன்றாகத் தட்டி எழுப்ப ஒரு துணைப் பொருளும் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் ஒரு பகுதி தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. உயிருள்ள வைரஸ் இல்லாததால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் போடலாம்.

50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வு முடிவு 2015-ல் வெளியானது. தடுப்பூசி போட்டவர்கள், போலி ஊசி போட்டவர்கள் என ஒவ்வொரு குழுவிலும் 7,000-க்கும் மேற்பட்டோர். சராசரியாக 3 ஆண்டுகளுக்குச் சற்று மேல் கண்காணித்தார்கள். போலி ஊசி போட்டவர்களில் 210 பேருக்கு அக்கி வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் 6 பேருக்கு மட்டுமே வந்தது. அதாவது 97 சதவீதப் பாதுகாப்பு.

70 வயதைக் கடந்தவர்களிடம் தனியாக நடந்த ஆய்விலும் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. நீண்ட கால நரம்பு வலியும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்காணித்ததில் பாதுகாப்பு சுமார் 80 சதவீதமாக நீடிக்கிறது.

யார் போட்டுக்கொள்ளலாம்?

50 வயதைக் கடந்த அனைவரும் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்றால் அதற்கு முன்பே மருத்துவர் பரிந்துரைக்கலாம். அமெரிக்காவில் இவர்களுக்கு 19 வயது முதலே பரிந்துரை உண்டு.

மொத்தம் 2 டோஸ், மேல் கையில் தசை ஊசி. முதல் டோஸுக்குப் பிறகு 2 முதல் 6 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்று, இரண்டு மாத இடைவெளியிலேயே போடலாம். 6 மாதம் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட டோஸைப் போட்டால் போதும்.

யார் தள்ளிப்போட வேண்டும், யார் தவிர்க்க வேண்டும்?

- இப்போது அக்கி இருப்பவர்கள், அது முழுதாக ஆறும் வரை
- காய்ச்சலோடு உடல்நலம் சரியில்லாதவர்கள், அது சரியாகும் வரை
- கர்ப்பிணிகள், குழந்தை பிறக்கும் வரை
- முதல் டோஸுக்கோ தடுப்பூசியில் உள்ள பொருளுக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர்கள், எப்போதும்

பக்க விளைவுகள் என்ன?

ஊசி போட்ட இடத்தில் வலி பெரும்பாலானவர்களுக்கு வரும். உடம்பு வலி, அசதி, தலைவலி, குளிர், காய்ச்சல் ஆகியவையும் வரலாம். பொதுவாக 2, 3 நாளில் போய்விடும். ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு ஒரிரு நாள் அன்றாட வேலை பாதிக்கும் அளவுக்கு இருக்கும். அடுத்த நாள் முக்கியமான வேலையோ பயணமோ இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வது வசதி. முதல் டோஸுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பயந்து இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

மிக அரிதாக, பத்து லட்சம் டோஸ்களில் ஒரு சிலருக்கு, கிலன் பாரே என்ற நரம்பு பாதிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் எச்சரிக்கை சேர்த்தது. ஏற்கெனவே இந்தப் பாதிப்பு வந்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செலவு எவ்வளவு? அரசு தருகிறதா?

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெரிய தடை இதுதான். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அக்கித் தடுப்பூசி இல்லை. தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில்தான் போட வேண்டும். ஒரு டோஸே பல ஆயிரம் ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் கணவன், மனைவி இருவரும் 2 டோஸ் போடுவது என்றால் அது சின்னத் தொகை இல்லை.

பிரிட்டனில் 2023 செப்டம்பர் முதல், 65 வயதாகிறவர்களுக்கும் 70 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கும் ஷிங்ரிக்ஸ் இலவசம். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு நவம்பர் முதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசம். சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் முதல் 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு அரசு மானியம் தருகிறது. அங்கெல்லாம் பெற்றோர் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளூர் கிளினிக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே இருப்பவர்கள் இரண்டு, மூன்று மருத்துவமனைகளில் விலை விசாரிக்கலாம். காப்பீட்டு பாலிசியில் தடுப்பூசிச் செலவு சேருமா என்றும் கேட்கலாம். வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால், சர்க்கரை நோய் உள்ளவரா, எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவரா, வயது அதிகமானவரா என்று பார்த்து மருத்துவரின் ஆலோசனையோடு முடிவு செய்யலாம். தடுப்பூசி போட முடியாதவர்களுக்கு 72 மணி நேரக் கணக்கு இன்னும் முக்கியம்.

மறதி நோயையும் குறைக்குமா?

2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான ஒரு ஆய்வு பலரையும் கவனிக்க வைத்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013-ல் பழைய அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் தகுதி தரப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு பிறந்தவருக்குக் கிடையாது. வயதிலும் வாழ்க்கை முறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு குழுக்கள் தானாகவே அமைந்துவிட்டன.

7 ஆண்டு மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, தடுப்பூசி போட்டவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைவாக வந்திருந்தது. எதனால் என்பது இன்னும் ஆராயப்படுகிறது. இதற்காகவே தடுப்பூசி போடச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. இப்போதைக்கு இது கூடுதல் நல்ல செய்தி.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்கி ஒட்டிக்கொள்ளுமா?
ஒருவரின் அக்கி இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மையும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாதவருக்குச் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் பொருக்குத் தட்டும் வரை துணியால் மூடி வைத்து, கைகளை அடிக்கடி கழுவ வேண்டும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும்.

ஒருமுறை வந்துவிட்டது. திரும்ப வருமா?
வரலாம். அதனால் ஏற்கெனவே அக்கி வந்தவர்களுக்கும் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது.

சின்னம்மை வந்ததா என்று ஞாபகம் இல்லை. டெஸ்ட் எடுக்கணுமா?
50 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. நேரடியாகப் போடலாம்.

குழந்தைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் பிற்காலத்தில் உதவுமா?
உதவும். சின்னம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு அக்கி வரும் வாய்ப்பு 78 சதவீதம் குறைவு என்று 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

குளிக்கலாமா? பத்தியம் இருக்கணுமா?
தாராளமாகக் குளிக்கலாம். கொப்புளத்தைத் தேய்க்காமல் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். சுத்தமான ஈரத்துணி ஒத்தடமும் காலமைன் லோஷனும் அரிப்பைக் குறைக்கும். தளர்வான பருத்தி உடை நல்லது. பத்தியம் எதுவும் கிடையாது. வழக்கமான சாப்பாடு சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இன்று கொப்புளம் தெரிந்தால் என்ன செய்வது?

முதலில் அது எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் பூசாமல் அருகில் உள்ள மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ போங்கள். சர்க்கரை, சிறுநீரகம், ஸ்டீராய்டு என்று ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முகத்தில் வந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் அப்பா, அம்மா "ஒரு பக்கம் எரியுது" என்று சொன்னால், சட்டையை விலக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருந்து வேலை செய்யும் அந்த 3 நாள், அங்கிருந்தே கணக்கில் வருகிறது.